நெஞ்சுல நாக்கு, முதுகுல டூர் தேதி: வீரபாண்டியில இருந்து ராக், ஹிப்ஹாப் கேட்ட கதை

போன சில எபிசோடுகளுக்கு வந்த மெசேஜ்கள்ல ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்துக்கிட்டே இருக்கு. "எல்லாரோட இசையைப் பத்தியும் பேசறீங்க, உங்களுக்குப் பிடிச்ச ராக், ஹிப்ஹாப் ஆல்பம் எதுன்னு ஒருநாளாவது சொல்லுங்க." சொல்றேன். ஆனா பத்து ஆல்பத்தைப் பட்டியல் போட்டா நாலு நிமிஷத்துல எபிசோட் முடிஞ்சிடும். அதனால அந்த ஆல்பங்கள் எந்த வழியா என்கிட்ட வந்து சேர்ந்துச்சுங்கறதைச் சொல்றேன். அதுல என் கதை கொஞ்சம்தான், எங்க ஊரோட கதைதான் அதிகம்.

நான் வளர்ந்தது வீரபாண்டி. பேரைக் கேட்டதும் தேனிக்காரங்க கௌமாரியம்மன் திருவிழாவை நினைச்சுக்குவீங்க, அது வேற. நான் சொல்றது திருப்பூர்ல இருந்து பல்லடம் போற ரோட்டுல வர்ற வீரபாண்டி. 2011 வரைக்கும் தனி ஊராட்சி, அப்புறம் திருப்பூர் மாநகராட்சியோட சேர்த்துட்டாங்க. ஒரு தெருவுல பவர்டேபிள், அடுத்த தெருவுல பிரிண்டிங் பட்டறை, கொஞ்சம் தள்ளிப் போனா சாயப்பட்டறை. எங்கம்மா ஒரு பனியன் கம்பெனியில செக்கிங். அம்மாவோட தம்பி, எங்க மாமா, நாலு டேபிள் போட்டு ஒரு பிரிண்டிங் பட்டறை வெச்சிருந்தார். பள்ளிக்கூடம் லீவு விட்டா நான் அங்கதான் கிடப்பேன்.

சென்னை, பெங்களூர் பசங்களுக்கு ராக் மியூசிக் எப்படி வந்துச்சுன்னு கேட்டா, அண்ணனோட கேசட், சித்தப்பா அமெரிக்காவுல இருந்து கொண்டுவந்த சிடி, டிவியில எம்டிவின்னு சொல்வாங்க. எங்களுக்கு அது துணி வழியா வந்துச்சு. காதுக்குப் பாட்டு வர்றதுக்கு ரெண்டு மூணு வருஷம் முன்னாடியே கைக்குப் படம் வந்துடுச்சு.

பிரிண்டிங் எப்படி நடக்கும்னு தெரியாதவங்களுக்காகக் கொஞ்சம் சொல்லிடறேன். டி-ஷர்ட்டைத் தைச்சு முடிச்சிட்டுப் படம் போட மாட்டாங்க. கட்டிங் முடிஞ்ச உடனே முன்பக்கப் பீஸ் மட்டும் தனியா பட்டறைக்கு வரும். கையும் இருக்காது, கழுத்தும் இருக்காது, வெறும் நெஞ்சு. நீளமான டேபிள்ல கம் தடவி வரிசையா ஒட்டுவாங்க. ஒரு கலருக்கு ஒரு ஸ்க்ரீன். ஒருத்தர் இந்தப் பக்கம், ஒருத்தர் அந்தப் பக்கம், ஸ்க்ரீனை வெச்சு, மையை ஊத்தி, ஒரே அழுத்தத்துல ஒரு இழுப்பு. அப்புறம் கியூரிங் மெஷின், 160 டிகிரி பக்கம் சூடு. அது சரியா வேகலைன்னா முதல் துவைப்புலயே படம் உரிஞ்சிடும், மொத்த லாட்டும் திரும்பி வந்துடும்.

2005 ஜனவரி 1ஆம் தேதி உலக ஜவுளி வர்த்தகத்துல இருந்த கோட்டா முறை முடிஞ்சுது. இந்த நாட்டுல இருந்து இவ்வளவு பீஸ்தான் வாங்கலாம்னு இருந்த கணக்கு போச்சு. திருப்பூருக்கு ஆர்டர் கொட்டுச்சு. மாமா பட்டறையில ராத்திரியும் லைட் எரிஞ்சுது. அந்தச் சமயத்துல ஐரோப்பாவுல இருக்கிற பெரிய கடைகளுக்குப் போற டி-ஷர்ட்டுகள்ல ராக் பேண்ட் படங்கள் வரிசையா வர ஆரம்பிச்சுது. எங்களுக்கு அது ராக் பேண்டுன்னே தெரியாது. ஸ்டைல் நம்பர் யாருக்கும் ஞாபகம் நிக்காது, அதனால பட்டறையில ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு இருந்துச்சு. நாக்கு டிசைன். கழுகு டிசைன். கண்ணுல பெருக்கல் குறி போட்டுச் சிரிக்கிற மூஞ்சி. மலை டிசைன். வவ்வால் டிசைன்.

"ஏனுங்ணா, இது யாரு?"ன்னு பிரிண்டிங் அண்ணன் ஒருத்தர்கிட்ட கேட்டேன். "யாருக்குத் தெரியும் கண்ணு, அது பையருக்குத் தெரியும். நமக்கு நாக்கு சிவப்பா வந்தாப் போதும்"னு சொன்னார். கொஞ்ச நேரம் கழிச்சு அவரே, "பாத்தா நம்ம காளியாத்தா நாக்கு மாதிரித்தான் இருக்குது"ன்னார்.

அவர் சொன்னது சரின்னு பல வருஷம் கழிச்சுத்தான் படிச்சேன். அது ரோலிங் ஸ்டோன்ஸ் பேண்டோட லோகோ. 1970ல ஜான் பேஷ்னு லண்டன்ல ஒரு ஓவிய மாணவர் வரைஞ்சு குடுத்தது, முதல்ல அவருக்குக் கிடைச்ச கூலி 50 பவுண்டு. பேண்டோட பாடகர் மிக் ஜாகர் அந்தப் பையனைக் கூப்பிட்டு, இந்த மாதிரி ஒண்ணு வேணும்னு காமிச்சது ஒரு காளி படம். 1971ல 'ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்' ஆல்பத்தோட அது வெளியே வந்துச்சு. ஆக காளியோட நாக்கு லண்டன் போய், லோகோவா மாறி, 35 வருஷம் கழிச்சு நம்ம ஊருக்கே ஆர்டரா திரும்பி வந்திருக்கு. ஆல்பத்தைப் பத்திக் கேட்டீங்கன்னா, நல்ல ஆல்பம்தான், ஆனா என் லிஸ்ட்ல இல்ல. ஸ்டோன்ஸ் மேல எனக்குப் பெருசா காதல் எப்பவும் வந்ததில்ல.

கழுகு டிசைன் ரமோன்ஸ். அமெரிக்க ஜனாதிபதியோட முத்திரையைக் கேலியா மாத்தி, அர்துரோ வேகான்னு அவங்களோட நண்பர் வரைஞ்சது. அவரேதான் கச்சேரிகள்ல டி-ஷர்ட்டும் வித்தார். அவங்களோட முதல் ஆல்பம் 1976ல வந்துச்சு. 14 பாட்டு, மொத்தம் அரை மணி நேரம் கூட இல்ல. அமெரிக்க ஆல்பம் பட்டியல்ல 111ஆவது இடத்துக்கு மேல அது ஏறவே இல்ல. அந்த ஆல்பத்துக்கு கோல்ட் சான்றிதழ் கிடைச்சது 2014ல, வந்து 38 வருஷம் கழிச்சு. அந்த நாலு பேர்ல அப்போ உயிரோட இருந்தது டிரம்மர் டாமி மட்டும்தான், அதே வருஷம் அவரும் போயிட்டார். ஆனா அந்தக் கழுகு போட்ட டி-ஷர்ட் உலகத்துல எந்தத் தெருவுலயும் நடந்துக்கிட்டு இருக்கு. பாட்டை விட துணி வேகமா ஓடும்ங்கறதுக்கு இதை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இப்போ மலை டிசைன். எனக்கு ரொம்பப் பிடிச்ச ராக் ஆல்பம் இதுதான், அதனால கொஞ்சம் பொறுமையா சொல்றேன்.

கறுப்புத் துணி, அதுல வெள்ளை மையில ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா மெல்லிசான கோடுகள். நடுவுல மட்டும் மேடு மேடா எழும்பி நிக்கும். எழுத்து ஒண்ணு கூட இருக்காது. பிரிண்டிங் பண்றவங்களுக்கு இது ஒரு தலைவலி. கோடு இவ்வளவு மெல்லிசா இருந்தா ஸ்க்ரீன் கண்ணு அடைச்சுக்கும், மை கொஞ்சம் கெட்டியானா கோடு விட்டு விட்டு விழும், கொஞ்சம் இளகினா ரெண்டு கோடு ஒட்டிக்கும். பத்து பீஸுக்கு ஒருதடவை ஸ்க்ரீனைத் துடைக்கணும். செகண்ட்ஸா ஒதுக்கின பீஸ் ஒண்ணை எடுத்துத் தலையணை உறைக்குள்ள மடிச்சு வெச்சிருந்தேன். ஏன்னு கேட்டா தெரியாது, எனக்கு அது அழகா இருந்துச்சு.

2006ன்னு நினைக்கிறேன், பல்லடம் ரோட்டுல இருந்த ஒரு பிரௌசிங் சென்டர்ல, மணிக்கு 20 ரூபாய் குடுத்துத் தேடித் தேடி அது என்னன்னு கண்டுபிடிச்சேன். ஜாய் டிவிஷன்னு இங்கிலாந்து பேண்ட். ஆல்பம் பேரு 'அன்னோன் பிளஷர்ஸ்', 1979 ஜூன்ல வந்தது. அந்தக் கோடுகள் மலையும் கிடையாது, அலையும் கிடையாது. வானத்துல துடிச்சுக்கிட்டு இருக்கிற ஒரு நட்சத்திரம். 1967ல ஜோசலின் பெல்ங்கற ஆராய்ச்சி மாணவி ரேடியோ தொலைநோக்கியில கண்டுபிடிச்ச முதல் பல்சர், சிபி 1919. அதோட 80 துடிப்புகளை ஒண்ணுக்கு மேல ஒண்ணா அடுக்கின வரைபடம் ஒரு வானியல் கலைக்களஞ்சியத்துல இருந்துச்சு. அதை பேண்ட் ஆட்கள் பார்த்து, டிசைனர் பீட்டர் சேவில் கிட்ட குடுத்தாங்க. வெள்ளைத் தாள்ல கறுப்புக் கோடா இருந்ததை அவர் கறுப்புல வெள்ளையா திருப்பிப் போட்டார். முன் அட்டையில பேண்ட் பேரும் போடல, ஆல்பம் பேரும் போடல. அதனாலதான் மாமா பட்டறையில அது யாருக்கும் தெரியாம வந்து போச்சு.

அந்த பேண்ட் எந்த ஊருன்னு பார்த்தப்போதான் எனக்கு நிஜமா தூக்கிவாரிப் போட்டுச்சு. மான்செஸ்டர். பக்கத்துல இருக்கிற கோயம்புத்தூரை நாம தென்னிந்தியாவோட மான்செஸ்டர்னு பள்ளிக்கூடப் புஸ்தகத்துல படிக்கிறோம் இல்ல, அதே மான்செஸ்டர். உலகத்தோட முதல் பெரிய பருத்தி ஊர். கிதார் வாசிச்ச பெர்னார்ட் சம்னரும் பேஸ் வாசிச்ச பீட்டர் ஹுக்கும் மான்செஸ்டரை ஒட்டின சால்ஃபோர்ட் பசங்க. பாடகர் இயன் கர்டிஸும் டிரம்மர் ஸ்டீபன் மாரிஸும் மேக்கல்ஸ்ஃபீல்டு, அது பட்டு நெசவு ஊர். இவங்க வளர்ந்த 1960, 70கள்ல அங்க மில்லுங்க ஒவ்வொண்ணா மூடிக்கிட்டே வந்துச்சு. உலகப் பருத்தி விலையையே பேசித் தீர்மானிச்ச ராயல் எக்ஸ்சேஞ்ச் கட்டடத்துல 1968ல வியாபாரம் நின்னுடுச்சு, 1976ல அதுக்குள்ள ஒரு நாடகக் கொட்டகை வந்துடுச்சு. ஜாய் டிவிஷனோட ரெக்கார்டு கம்பெனிக்கு என்ன பேரு தெரியுமா? ஃபேக்டரி.

இயன் கர்டிஸுக்கு பகல்ல அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்துல வேலை. உடல் ஊனம் உள்ளவங்களுக்கு வேலை தேடிக் குடுக்கிற வேலை. அங்க வந்து போன வலிப்பு நோய் உள்ள ஒரு பொண்ணைப் பத்தி அந்த ஆல்பத்துல ஒரு பாட்டே இருக்கு. அவருக்கும் அதே நோய் இருக்குன்னு 1979 தொடக்கத்துல தெரிஞ்சுது. 1980 மே மாசம், அமெரிக்க டூர் கிளம்ப வேண்டிய சமயத்துல, 23 வயசுல அவர் தன் உயிரை மாய்ச்சுக்கிட்டார்.

இப்போ தேதிகளைக் கொஞ்சம் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. 1978 வாக்குல வெரோனான்னு ஒரு இத்தாலி வியாபாரி, பம்பாய் ஏற்றுமதியாளர்கள் மூலமா, வெள்ளை டி-ஷர்ட் தேடித் திருப்பூருக்கு வந்தார்ங்கறது எங்க ஊர்ல எல்லாரும் சொல்ற ஆரம்பக் கதை. அதுக்கு முன்னாடி திருப்பூர்னா உள்ளாடை பனியன்தான், உள்நாட்டு வியாபாரம்தான். ஆக, மான்செஸ்டர்ல மில்லு மூடின தெருவுல அந்த நாலு பேரும் ரிகர்சல் பண்ணிக்கிட்டு இருந்த அதே வருஷங்கள்ல, ஐரோப்பாவுக்குத் துணி தைக்கிற வேலை வீரபாண்டிப் பக்கம் வர ஆரம்பிச்சிருந்துச்சு. அந்த வேலை இங்க வந்ததால அங்க மில்லு மூடுச்சுன்னு நேரடியா சொல்ல முடியாது. அது நம்ம கைக்கு வர்றதுக்குள்ள நடுவுல பல நாடுகள், பல பத்து வருஷங்கள் இருக்கு. ஆனா ஒரு பருத்தி ஊர் முடிஞ்சு போன சத்தத்தோட அட்டைப்படத்தை, இன்னொரு பருத்தி ஊர் சதுர அடிக் கணக்குல அச்சடிச்சுக்கிட்டு இருந்துச்சு. அதுல வேலை பார்த்த யாருக்கும் இது தெரியாது.

அந்தப் பாட்டுகளை முதல்ல கேட்டப்போ எனக்குப் பிடிக்கலைங்க. குளிர் காலத்துல காலியான குடோனுக்குள்ள யாரோ டிரம் அடிக்கிற மாதிரி இருந்துச்சு. மார்ட்டின் ஹேனட்ங்கற தயாரிப்பாளர் வேணும்னேதான் அப்படிப் பண்ணியிருக்கார், ஒவ்வொரு டிரம் சத்தத்தையும் தனித்தனியா பிரிச்சு, நடுவுல வெறுமையை விட்டிருக்கார். பேண்டுக்கே அந்த சத்தம் அப்போ பிடிக்கல, அவங்க மேடையில வாசிச்சது இதை விட முரட்டுத்தனமா இருந்துச்சு. எனக்கு அது புரிஞ்சது 2011ல.

2011க்குப் போறதுக்கு முன்னாடி கறுப்பைப் பத்திப் பேசியாகணும். ராக் டி-ஷர்ட்னா கறுப்புதான். அது ஏன் கறுப்புன்னு இசை எழுத்தாளர்கள் பக்கம் பக்கமா எழுதியிருக்காங்க, லெதர் ஜாக்கெட், கிளர்ச்சி, துக்கம்னு. சாயப்பட்டறைக்காரங்ககிட்ட கேட்டா வேற கணக்கு சொல்வாங்க. பருத்தியில சாயம் ஏறணும்னா தண்ணியில உப்பு போடணும். வெளிர் கலருக்குக் கொஞ்சம் போதும். கறுப்புக்கு சாயமும் ஜாஸ்தி, உப்பும் ஜாஸ்தி, ஒரு கிலோ துணிக்கு அரைக் கிலோவுக்குப் பக்கம் போகும். பழைய வின்ச் மெஷினா இருந்தா இன்னும் கூட. ஒரு ராக் டி-ஷர்ட்டுக்கு ஒரு கைப்பிடி உப்புன்னு வெச்சுக்கோங்க. சாயத்துல ஒரு பங்கு துணியில ஒட்டாம தண்ணியோட போகும், உப்பு மொத்தமும் தண்ணியோட போகும். அந்தத் தண்ணி போனது நொய்யலுக்கு.

நொய்யல் குறுக்கே சென்னிமலைப் பக்கம் ஒரத்துப்பாளையம்னு ஒரு அணை, 1992ல பாசனத்துக்குன்னு திறந்தது. சில வருஷத்துக்குள்ள அது சாயத்தண்ணி தேங்குற தொட்டி ஆயிடுச்சு. கீழ இருந்த விவசாயிகள் அணையைத் திறக்காதீங்கன்னு கேட்கற நிலைமை. பாசனத்துக்குக் கட்டின அணையில இருந்து தண்ணி விடாதீங்கன்னு விவசாயி சொல்றான்னா அது என்ன தண்ணியா இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. நொய்யல் பாசன விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனாங்க. வருஷக்கணக்கா நடந்த வழக்குல, 2011 ஜனவரி கடைசியில, சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ல இருக்கிற சாய, சலவைப் பட்டறைகள் எல்லாத்தையும் மூடச் சொல்லிடுச்சு. கழிவு ஒரு சொட்டு கூட வெளியே வராத நிலைமை வந்தாத்தான் திறக்கணும்னு உத்தரவு. எழுநூத்துச் சொச்சம் பட்டறை.

அந்தச் சில மாசங்கள் வீரபாண்டியில இருந்தவங்களுக்குத்தான் தெரியும். பாய்லர் சத்தம் இல்ல. வெளியூர்ல இருந்து வந்து தங்கியிருந்தவங்க பெட்டியைக் கட்டிக்கிட்டுப் போனாங்க, லைன் வீடுகள்ல பூட்டு தொங்குச்சு. துணி சாயத்துக்கு வேற மாநிலம் போய் லேட்டா திரும்பி வந்துச்சு, மாமா பட்டறையில நாலு டேபிள்ல ஒண்ணுதான் ஓடுச்சு. கோர்ட் சொன்னது நியாயம்னு எனக்கு அப்பவும் தெரியும், இப்பவும் அதையேதான் சொல்வேன். அந்த உத்தரவு இல்லாம ஆத்துக்கு ஒண்ணும் நடந்திருக்காது. ஆனா வேலை போனது உப்பைக் கொட்டினவங்களுக்கு மட்டும் இல்ல. அந்த மாசங்கள்ல ராத்திரி மாடியில உக்காந்து அந்த ஆல்பத்தைத்தான் கேட்டேன். ஒரு ஊரு நின்னு போனா எப்படிச் சத்தம் போடும்னு முப்பது வருஷத்துக்கு முன்னாடியே யாரோ ரெக்கார்டு பண்ணி வெச்சிருந்தாங்க. அன்னைக்குத்தான் அது எனக்குப் பிடிச்ச ஆல்பம் ஆச்சு.

பட்டறைகள் அப்புறம் திறந்துச்சு. வீரபாண்டியிலயே ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கு. தண்ணியைச் சவ்வு வழியா வடிகட்டி, மிச்சத்தைக் காய்ச்சி, உப்பைப் பிரிச்சு எடுத்துத் திரும்ப சாயத்துக்கே போடறாங்க. செலவு அதிகம். நீங்க ஆன்லைன்ல 299 ரூபாய்க்குக் கறுப்பு டி-ஷர்ட் பார்க்கும்போது, இந்தச் செலவு அதுல எங்க இருக்குன்னு ஒருதடவை யோசிக்கலாம்.

சரி, ஹிப்ஹாப். வவ்வால் டிசைன் ஞாபகம் இருக்கா? நாங்க அதை பேட்மேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தோம். அது வூ-டாங் கிளான் குழுவோட முதல் எழுத்து, அவங்களோட டிஜே மேத்தமேட்டிக்ஸ் வரைஞ்சது. ஆல்பம் 1993ல வந்த 'என்டர் த வூ-டாங்'. நியூயார்க் பசங்க ஒன்பது பேர், ஹாங்காங் குங்ஃபூ படங்களைப் பார்த்துப் பார்த்து, அந்தப் பட வசனங்களையே பாட்டுக்கு நடுவுல வெட்டி ஒட்டி ஒரு உலகத்தை உண்டாக்கினாங்க. குங்ஃபூ படங்களைத் தமிழ் டப்பிங்ல பார்த்து வளர்ந்தவனுக்கு இங்கிலீஷ் பாதி புரியாட்டியும் அந்த ஆல்பம் அந்நியமா இருக்காது. அடுத்த வருஷம், 1994 ஏப்ரல்ல, நாஸோட 'இல்மேட்டிக்'. ஒரு குடியிருப்பு, அதுல ஒரு ஜன்னல், அது வழியா 20 வயசுப் பையன் பார்க்கிறது. இதை விடச் சுத்தமா எழுதின ராப் ஆல்பம் நான் கேட்டதில்ல. அதே 1994ல நம்ம ஊர்ல 'காதலன்' படத்துல பேட்டை ராப் வந்துச்சு. ரெண்டும் ஒரே வருஷம்ங்கறதை நான் நண்பர்கள்கிட்ட சொல்லிச் சொல்லி அவங்களுக்குச் சலிச்சே போச்சு.

ஆனா தமிழ்ல முழு ஆல்பமா ராப்னு சொன்னா எனக்கு 'வல்லவன்'தான். 2006, மலேசியா, யோகி பி அண்ட் நட்சத்ரா. அதுக்கு முன்னாடி யோகி பி, 'பொயட்டிக் ஆமோ'ன்னு ஒரு குழுவுல இருந்தார். 1998ல வந்த அவங்களோட முதல் ஆல்பத்துல இங்கிலீஷ், மலாய், தமிழ், கான்டனீஸ் நாலு மொழியிலயும் பாட்டு. தோட்டத் தொழிலுக்குன்னு கப்பல்ல கொண்டுபோன தமிழர்களோட பேரப்பிள்ளைங்க, கோலாலம்பூர்ல வளர்ந்து, அமெரிக்கக் கறுப்பர்களோட வடிவத்தை எடுத்து, அதுல தமிழை உக்கார வெச்சாங்க. 'நிழல்கள்' படத்துல வந்த இளையராஜா பாட்டான மடை திறந்துவை அவங்க எடுத்துக்கிட்டது உங்க எல்லாருக்கும் தெரியும். எனக்கு அவரைத் தெரிஞ்சது 2007ல 'பொல்லாதவன்' படம் வழியா, அங்க இருந்து பின்னால போய்த்தான் 'வல்லவன்' எம்பி3 சிடியா கிடைச்சுது. அட்டை இல்லாம, பேனாவால பேரு எழுதின சிடி. படம் இல்லாம எனக்கு வந்த முதல் ஆல்பம் அதுதான்.

அடுத்தது மாயா, எம்.ஐ.ஏ. லண்டன்ல பிறந்து, யாழ்ப்பாணத்துல சின்ன வயசு, போர் காரணமா திரும்ப லண்டன் போன ஈழத்துப் பொண்ணு. முதல் ஆல்பத்துக்கு அப்பாவோட பேரு 'அருளர்', 2005. ரெண்டாவதுக்கு அம்மாவோட பேரு 'கலா', 2007. விமர்சகர்கள் ரெண்டையும் கொண்டாடுவாங்க, எனக்கு 'கலா'. காரணம் ரொம்பச் சின்னது, அதுல உருமி இருக்கு. எங்க பக்கம் மாரியம்மன் நோம்பிக்கு உருமி சத்தம் கேட்டுத்தான் ஊரே முழிக்கும். அதே உருமியை லண்டன் பேஸ் மேல கேட்டப்போ, மாமாவைக் கூப்பிட்டு ஹெட்போனைக் காதுல வெச்சேன். ரெண்டு நிமிஷம் கேட்டுட்டு, "உருமி நல்லா அடிச்சிருக்கான், அந்தப் புள்ளையை மட்டும் கொஞ்சம் மெதுவாப் பேசச் சொல்லு"ன்னார். மாயா ஓவியக் கல்லூரியில படிச்சவர், உடைகளும் டிசைன் பண்ணியவர். 2015ல வந்த ஒரு வீடியோவுல ஒரு பிரெஞ்சு கால்பந்து கிளப் ஜெர்ஸியோட விமான கம்பெனி விளம்பரத்தை மாத்தி, கடற்கொள்ளைக்காரங்களோட பற ங்கற அர்த்தம் வர்ற மாதிரி போட்டிருந்தார். அந்த கிளப் சண்டைக்கே வந்துடுச்சு. துணி மேல இருக்கிற நாலு எழுத்துக்கு எவ்வளவு விலைன்னு அவருக்கு நல்லாத் தெரியும்.

2012ல கோயம்புத்தூர்ல இருந்து ஹிப்ஹாப் தமிழாவோட 'ஹிப்ஹாப் தமிழன்' வந்துச்சு. பக்கத்து ஊர்ப் பையன் பண்ணியிருக்கான்னு பெருமையா இருந்துச்சு, அதை மறைக்க மாட்டேன். ஆனா அவங்களைப் பிரபலமாக்கின கிளப்புல மப்புல பாட்டு, ராத்திரி வெளியே போற பொண்ணுங்களுக்கு அட்வைஸ் பண்ணின விதம் எனக்கு ஒட்டவே இல்ல. ராத்திரி ஒன்றரை ஷிப்ட் முடிச்சு பொண்ணுங்க கூட்டமா நடந்து வீட்டுக்கு வர்ற ஊரு எங்களுது.

தமிழ் ராப்ல இப்போ என்கிட்ட அதிகம் ஓடுறது, அறிவும் ஆஃப்ரோவும் 2019ல பண்ணின 'தெருக்குரல்'. அறிவு வந்தது, 2018 ஜனவரியில சென்னையில முதல் கச்சேரி பண்ணின கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவுல இருந்து. கானா, ராப், ராக் மூணும் ஒரே மேடையில, டென்மா இசை, பின்னால பா. ரஞ்சித். 2021ல 'என்ஜாய் எஞ்சாமி' வந்தப்போ கம்பெனி ஸ்பீக்கர்ல நாளைக்குப் பத்துத் தடவை ஓடுச்சு. அதே வருஷம் ஆகஸ்ட்ல ஒரு பெரிய இசைப் பத்திரிகை அந்தப் பாட்டைச் சொல்லி அட்டைப்படம் போட்டுச்சு, பாட்டை எழுதிப் பாடின அறிவு அட்டையில இல்ல. சத்தம் கிளம்பின பிறகு அவருக்குத் தனியா ஒரு டிஜிட்டல் அட்டை போட்டாங்க. படத்துல யாரு இருக்கா, யாரு இல்லங்கறது எவ்வளவு பெரிய விஷயம்னு பிரிண்டிங் பட்டறையில வளர்ந்தவனுக்கு விளக்க வேண்டியதில்ல.

கம்பெனி ஸ்பீக்கர்னு சொன்னேன். தெரியாதவங்களுக்காக: பனியன் கம்பெனி தையல் ஹால்ல காலையில இருந்து பாட்டு ஓடிக்கிட்டே இருக்கும். ஓவர்லாக், பேட்லாக் மெஷின் சத்தத்துக்கு மேல கேட்கணும்னு சத்தமா வைப்பாங்க. பென்டிரைவ் யார் கையிலயோ அவங்க ரசனைதான் ஊரோட ரசனை. காலையில பக்தி, டீ டைம் வரைக்கும் இளையராஜா, மத்தியானம் தூக்கம் வர்ற நேரத்துக்குக் குத்து. இப்போ ஒடிசா, பீகார் பசங்க அதிகமா இருக்கிற ஹால்ல போஜ்புரியும் ஓடுது. எங்கம்மாவுக்கு ஸ்பீக்கர்ல வந்தது மட்டும்தான் பாட்டு. முப்பது வருஷம் வேற யாரோ தேர்ந்தெடுத்ததைக் கேட்டவங்க, ரிட்டயர் ஆனப்புறம் போன்ல அவங்களாத் தேடி வைக்கிறது என்னன்னா, முழுக்க முழுக்கப் பழைய பி. சுசீலா. அதைக் கண்டுபிடிச்ச அன்னைக்கு எனக்கு ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு.

பெரிய ஊர் கச்சேரிகளுக்குப் போனா ஒரு கூட்டம் இருக்கும். பேண்ட் டி-ஷர்ட் போட்டவங்களைப் பார்த்து, அதுவும் பொண்ணுங்களா இருந்தா கண்டிப்பா, "அந்த பேண்டோட மூணு பாட்டு சொல்லு பாக்கலாம்"னு கேட்பாங்க. பாட்டு தெரியாம போட்டா போலின்னு ஒரு தீர்ப்பு. எனக்கு இந்தப் பரீட்சை சுத்தமா பிடிக்காது. படத்தைப் பார்த்துப் பிடிச்சு, அப்புறம் பேரைத் தேடி, அப்புறம் பாட்டுக்கு வந்தவன் நான். ரெக்கார்டு கடையில அட்டையைப் பார்த்துப் பாட்டு வாங்கின தலைமுறையும் அப்படித்தான் வந்துச்சு. அதை விடுங்க, அந்த மலை டிசைனோட 80 கோட்டையும் ஒட்டாம, உடையாம, ஒரு நாளைக்கு ஆயிரம் பீஸ் இழுத்த அண்ணனுக்கு மூணு பாட்டு தெரியாது. அவரை விட அந்தப் படத்தை உத்துப் பார்த்த ரசிகன் ஒருத்தனைக் காமிங்க.

மாமா பட்டறையில இப்போ டேபிள் ரெண்டுதான். மீதி இடத்துல அவர் பையன் டிடிஎஃப் மெஷின் போட்டிருக்கான். ஃபிலிம்ல படத்தை அடிச்சு, சூடு வெச்சுத் துணியில ஒட்டுறது, ஒரே ஒரு பீஸ் கூடப் போடலாம். அதனால வேலை பார்க்கிற பசங்களே தங்களுக்குன்னு அடிச்சுக்கிறாங்க. போன மாசம் போனப்போ ஒருத்தன் தான் எழுதின ராப் வரி ஒண்ணைத் தமிழ்ல பெருசா அடிச்சுப் போட்டிருந்தான், வெள்ளை டி-ஷர்ட்ல. ஏன் தம்பி கறுப்புல போடலன்னு கேட்டேன். கறுப்புத் துணி கிலோவுக்கு விலை ஜாஸ்திங்ணான்னான்.

உங்க கம்பெனியில, ஆபீஸ்ல, ஹாஸ்டல்ல ஸ்பீக்கர்ல என்ன ஓடுது, பென்டிரைவ் யார் கையில இருக்குன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. நல்லா இருக்கிறதை அடுத்த எபிசோட்ல போடறோம்.